வெளியே தெரியாத மிஷின்

தம்பி, கையில வச்சிருக்கீங்களே அந்த நோட்டீஸ், காது மிஷின் விளம்பரம்தானே. கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. கோவில்பட்டியில ஏறினதுல இருந்து அதையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு வாறீங்க. யாருக்கு, அம்மாவுக்கா. வயசு என்ன ஆகுது. எழுபத்தொண்ணா. சரி சரி.

நான் ரிட்டயர்டு பி.டி. வாத்தியார், டிரில் மாஸ்டர். சங்கரபாண்டியன்னு பேரு. முப்பத்திரெண்டு வருஷம் ஒரே ஸ்கூல். பி.டி. வாத்தியாருக்குக் காது மிஷினைப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்காதீங்க. இந்த நோட்டீஸ்ல போட்டிருக்கிற அத்தனையையும் நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன். இங்க குடுங்க, சொல்லுதேன்.

இந்தா, முதல்ல இருக்கே, பாக்கெட்ல பெட்டி, அதுல இருந்து வயர் காதுக்குப் போகுது. இது வேண்டாம். பொம்பளைகளுக்குப் பாக்கெட் எங்க இருக்கு. ரவிக்கையில சொருகினா துணி உரசுறதெல்லாம் காதுக்குள்ள கேக்கும். ரெண்டாவது இது, காதுக்குப் பின்னால கொக்கி மாதிரி மாட்டுறது. பரவாயில்ல. ஆனா அம்மா கண்ணாடி போடுவாங்களா. போடுவாங்கன்னா கண்ணாடிக் கம்பியும் இதுவும் ஒண்ணோட ஒண்ணு முட்டும். மூணாவது, பாருங்க, கடலைப்பருப்பு அளவுதான் இருக்கு. காதுக்குள்ள போயிரும். எதுக்க நின்னு பாத்தாலும் தெரியாது. இதை வாங்குங்க.

நாலாவது ஒண்ணு கீழ போட்டிருக்கான் பாருங்க, தலையில பட்டை மாதிரி. காதுக்குப் பின்னால எலும்புல ஒட்டி நிக்கும். சத்தம் எலும்பு வழியா உள்ள போகுமாம். அதை மட்டும் வாங்கிராதீங்க. டாக்டரே எழுதிக் குடுத்தாலும் வாங்காதீங்க தம்பி. அது குடும்பத்துக்கு ஆகாது.

ஏன்னு கேக்கீங்க. மதுரை போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் கெடக்கு. சொல்லுதேன்.

என் வீட்டுக்காரி பேரு சண்முகவடிவு. வடிவுன்னுதான் கூப்பிடுவேன். நல்லவதான். நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். கல்யாணமான மூணாவது வருஷத்துல இருந்து அவளுக்கு இடது காது கேக்காது. அது ஒரு பெரிய விஷயமா எங்க வீட்டுல இருந்ததில்ல. வலது காது நல்லா இருந்ததுல்ல. பேசணும்னா வலது பக்கமா வந்து பேசணும், அவ்வளவுதான். பொண்ணு அனுசூயா சின்னப் பிள்ளையிலயே அதைப் பழகிக்கிட்டா. அம்மாவுக்கு இந்தப் பக்கம் உக்காரணும்னு அதுவா வந்து உக்காரும்.

எனக்குப் பக்கமெல்லாம் தேவையில்ல. என் குரல் அப்படி. அசெம்பிளியில மைக் வச்சு நான் பேசினதே கிடையாது. ‘அட்டென்ஷன்’னு சொன்னேன்னா ரோட்டுல போற சைக்கிள்காரன் இறங்கி நிப்பான். எச்.எம்.மே சொல்லுவாரு, உங்களுக்கு விசில் எதுக்கு சார்னு.

அஞ்சு வருஷத்துக்கு முந்தி அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பன்னெண்டு நாள் ஆசுபத்திரியில கெடந்தா. காய்ச்சல் போகும்போது அந்த வலது காதையும் கொண்டுட்டுப் போயிட்டு. அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுல சனியன் புடிச்சது. காபின்னு கேட்டா மோர் வரும். காலிங் பெல் அடிச்சா கேக்காது. போன் அடிச்சா கேக்காது. நான் ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு செய்ய. ஒரு நாளைக்கு நூறு தடவை கத்தணும். எனக்கும் வயசாகுது, பிரஷர் மாத்திரை சாப்பிடுதேன். பக்கத்து வீட்டுக்காரன் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து எட்டிப் பாக்கான், என்னமோ நான் சண்டை போடுத மாதிரி. என்ன சார் காலையிலயேன்னு கேக்கான். நான் பால் வாங்கியாச்சான்னுதான் கேட்டேன்.

நாலு வருஷம் பொறுத்தேன். எவன் பொறுப்பான் சொல்லுங்க. அப்புறம் நானே கூட்டிட்டுப் போனேன். யாரும் சொல்லிப் போகல. மதுரையில ஒரு பெரிய காது டாக்டர். குழாய்க்குள்ள லைட்டு போட்டுப் பாத்தாரு. பாத்துட்டு, வலது காதுல நரம்பே போயிட்டு, அதுல எந்த மிஷின் வச்சாலும் பேருக்குத்தான், இடது காதுல நரம்பு நல்லா இருக்கு, ஆனா ஜவ்வு கிழிஞ்சிருக்கு, பழைய ஓட்டை, பெரிய ஓட்டை, சீழ் வந்து வந்து உள்ள இருக்கிற சின்ன எலும்பெல்லாம் அரிச்சிருக்குன்னாரு. ஆபரேஷன் பண்ணலாம், ஆனா இவங்களுக்குச் சர்க்கரை இருக்கு, உத்தரவாதம் சொல்ல முடியாதுன்னாரு.

அப்புறம் அவளைப் பாத்துக் கேட்டாரு, “இந்தக் காதுல எப்பவாவது அடி பட்டுச்சாம்மா?”

அவளுக்கு அது கேக்கல. என் முகத்தைப் பாத்தா. நான் சொன்னேன், “ரொம்ப வருஷத்துக்கு முந்தி குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்தா டாக்டர்.” அவர் எழுதிக்கிட்டாரு.

பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு இருந்தது. ஜெசிந்தான்னு பேரு. தூத்துக்குடிப் பக்கம். அதுதான் காதுல ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுக்கும், மிஷின் எல்லாம் வச்சுப் பாக்கும். ஒரு தட்டுல எல்லா மிஷினையும் வரிசையா வச்சுக் காட்டுச்சு. உங்க நோட்டீஸ்ல இருக்கே, அதேதான். நான் நேரா அந்தக் கடலைப்பருப்பைக் காட்டினேன். இதைப் போடும்மான்னேன்.

அந்தப் பொண்ணு, “சார், இந்தக் காதை அடைக்கக் கூடாது. ஓட்டை இருக்கு, சீழ் வருது. காத்து போகணும். உள்ள வச்சு அடைச்சா இன்னும் மோசமாகும். இவங்களுக்கு எலும்பு வழியா கேக்குற மிஷின்தான் சரி. காதை அடைக்காது, பின்னால எலும்புல நிக்கும்” அப்படின்னு அந்தப் பட்டையை எடுத்து அவ தலையில வச்சுது.

வச்ச உடனே வடிவு முகம் மாறிச்சு தம்பி. அதை நான் மறைக்க மாட்டேன். அந்தப் பொண்ணு பைய, வாயைக் கையால மறைச்சுக்கிட்டு, “அம்மா, உங்க பேரு என்ன?”ன்னு கேட்டுது. இவ உடனே, “சண்முகவடிவு”ன்னா. “காலையில என்ன சாப்பிட்டீங்க?” “இட்லி.” மேல சுத்துற ஃபேனைப் பாத்தா. எந்திரிச்சுப் போய்க் குழாயைத் திறந்தா, மூடினா. மறுபடியும் திறந்தா. நான்தான் தண்ணி வீணாகுதுன்னு சொல்லி உக்கார வச்சேன்.

ஆனா நான் பாத்தது வேற. இவ தலையில பட்டையும், காதுக்குப் பின்னால தீப்பெட்டி மாதிரி ஒண்ணும். பஸ் ஸ்டாண்டுல நின்னா நாலு பேரு பாப்பான். கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில பக்கத்துல உக்காந்தவ கேப்பா, காதுல என்ன வடிவு, எப்படி ஆச்சு வடிவுன்னு. ஒரு பொம்பளை எத்தனை பேருக்குப் பதில் சொல்லுவா. நான் அவளுக்காகத்தான் யோசிச்சேன். அந்தக் கடலைப்பருப்பையே போடுன்னேன். பொண்ணு ஒத்துக்கல. டாக்டர்கிட்டப் போச்சு. அவரும் வந்து சொன்னாரு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறேன்னேன். என் பொண்டாட்டி காது, எனக்குத் தெரியாதா.

அவகிட்டக் கேட்டீங்களான்னு கேக்கீங்க. கேக்கறதுக்கு என்ன இருக்கு. பட்டையைக் கழத்தின பிறகு அவளுக்கு என்ன கேக்கும். தலையை ஆட்டினேன், அவளும் ஆட்டினா. அந்த டாக்டர் கடைசி வரைக்கும் குடுக்க முடியாதுன்னுட்டாரு. அதுக்கென்ன, அந்தத் தெருவுலயே இன்னொரு கடை இருந்தது. காதுக்கு அளவெடுத்து, பத்து நாள்ல குடுத்துட்டான். ஒரு கேள்வி கேக்கல. அவன்தான் வியாபாரி.

முதல் வாரம் நல்லாத்தான் இருந்தது. அப்பப்ப கீச்சுக் கீச்சுன்னு சத்தம் வரும், அது எல்லா மிஷின்லயும் வரும். கூப்பிட்டா திரும்பினா. நான் எல்லார்கிட்டயும் சொன்னேன், மிஷின் வச்சிருக்கா, எங்க வச்சிருக்கான்னு கண்டுபிடிங்க பாப்போம்னு. பேங்க்ல போய் நின்னா ஒருத்தருக்கும் தெரியல. அதுதான் மிஷின்.

ரெண்டாவது வாரம் தலையைச் சாய்ச்சே வச்சிருந்தா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பா. அவளோட குணம் அது. எது வந்தாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டா. எனக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க. மூணாவது வாரம் அனுசூயா வந்தா. அது திருமங்கலத்துல டீச்சரா இருக்கு. அம்மா பக்கத்துல வந்து உக்காந்த உடனேயே மூக்கைச் சுளிச்சுது. மிஷினை வெளிய எடுத்துப் பாத்தா பூரா சீழ். காதுக்குப் பின்னால வீங்கி, தொட்டா நெருப்பா கொதிக்குது. எந்திரிச்சு நிக்கச் சொன்னா சுவத்தைப் பிடிக்கா.

அனுசூயா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. “ஏம்ப்பா, ஒரே வீட்டுலதானே இருக்கீங்க” அப்படின்னுச்சு. என்ன பேச்சு அது. நான் என்ன காதுக்குள்ளயா குடியிருக்கேன்.

அன்னைக்கே அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டுது. ஒரு மாசம். நான் தனியா மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டுக் கெடந்தேன். போன் பண்ணினா, ஊசி போட்டிருக்கு, மருந்து விடுதோம், காஞ்சுக்கிட்டு வருது, அப்படின்னு ரெண்டு வார்த்தை. ஒரு மாசம் கழிச்சு வீட்டு வாசல்ல ஆட்டோ வந்து நிக்கி. வடிவு இறங்குதா. தலையில பட்டை.

அதுவும் என்ன கலர்னு நெனைக்கீங்க. தோல் நிறத்துல ஒண்ணு உண்டு, கருப்புல ஒண்ணு உண்டு. கருப்பா இருந்தா முடியோட முடியா போயிரும். இவ தலையில நீலக் கலரு. ராமர் நீலம். தெருமுக்குல நிக்கிறவனுக்குத் தெரியும். நான் அனுசூயாகிட்ட, “உனக்கு அறிவில்லையா, கருப்பு வாங்கக் கூடாதா”ன்னேன். “அம்மாதான் எடுத்தாங்க. எந்தக் கலர் வேணும்னு ஜெசிந்தா கேட்டாங்க. அம்மா ரொம்ப நேரம் யோசிச்சு எடுத்தாங்க” அப்படின்னுச்சு.

சரி, பொம்பளை ஆசைப்பட்டுட்டான்னு விட்டேன். நான் எல்லாத்தையும் விட்டுத்தான் குடுத்திருக்கேன் தம்பி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு பி.டி. வாத்தியாரு அப்படி இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.

நான் பயந்த மாதிரிதான் ஆச்சு. பால்காரி கேட்டா, எதிர்த்த வீட்டு அம்மா கேட்டா, கோயில்ல கேட்டாங்க. நான் முன்ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். என்ன சொல்லுதான்னு. “ஜவ்வு கிழிஞ்சிருக்கு”ன்னு மட்டும் சொல்லுவா. அதுக்கு மேல சொல்ல மாட்டா. சரி, புத்திசாலிதான்னு நெனைச்சேன்.

போன மாசி மாசம் எங்க ஸ்கூல்ல பொன்விழா. பழைய மாணவர்கள் எல்லாம் சேந்து பழைய வாத்தியார்களுக்கு மரியாதை பண்ணுதாங்க. எனக்குத் தனியா பத்திரிகை வந்தது, துணைவியாருடன் வருகன்னு போட்டு. நான் பட்டு வேட்டி எடுத்து வச்சேன். வடிவுகிட்டச் சொன்னேன், “ஏளா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பட்டையைக் கழத்தி வச்சிட்டு வா. மேடையில போட்டோ எடுப்பாங்க.”

அவ சொன்னா, “கழத்திட்டா உங்களைப் பத்திப் பேசுறது எனக்குக் கேக்காதே.”

எனக்கு அப்படியே குளிர்ந்து போச்சு. உண்மையைச் சொல்லுதேன். சரி போட்டுக்கோன்னுட்டேன்.

மேடையில எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சாங்க. சால்வை போட்டாங்க. ஒவ்வொருத்தனா வந்து பேசுதான். ஒருத்தன் டாக்டர், ஒருத்தன் துபாய்ல இருந்து வந்திருக்கான், ஒருத்தன் இன்ஸ்பெக்டர், வைரவன்னு பேரு. எல்லாரும் என்ன பேசுதான்னா என் குரலைப் பத்தியும் என் கையைப் பத்தியும்தான். ‘சங்கரபாண்டியன் சார்கிட்ட அறை வாங்கினவன் எவனும் கெட்டுப் போகல’ன்னு ஒருத்தன். ‘சார் ஒரு அறை குடுத்தா மூணு நாளைக்குக் காதுக்குள்ள ஙொய்னு கேக்கும், ஹோம்ஒர்க் தானா முடிஞ்சிரும்’னு வைரவன் சொன்னான். அப்ப ஹாலே சிரிச்சது. கைதட்டு நிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. நானும் சிரிச்சேன். அது ஒரு பாசம் தம்பி. இப்ப இருக்கிற பிள்ளைகளுக்கு அது புரியாது.

திரும்பி வடிவைப் பாத்தேன். அவ நேரா பாத்துக்கிட்டு இருந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா.

அப்புறம் சாப்பாடு. எங்க மேஜையைச் சுத்திப் பத்துப் பதினஞ்சு பேரு. வைரவன் குனிஞ்சு வடிவு காலைத் தொட்டுக் கும்பிட்டான். நிமிந்தவன் பட்டையைப் பாத்துட்டான். “என்னம்மா இது, காதுக்கா. எப்படி ஆச்சு?”ன்னு கேட்டான். நல்ல எண்ணத்துலதான் கேட்டான்.

வடிவு சொன்னா, “உங்க சார் அடிச்சதுப்பா. எண்பத்தொம்பதுல.”

காபி வேணும்னு சொல்லுத மாதிரிதான் சொன்னா. குரல் ஏறல, இறங்கல. வைரவன் பெருசா சிரிச்சான். “எங்களுக்கும்தான் குடுத்திருக்காரு, அம்மாவையும் விடலயா”ன்னான். சுத்தி நின்னவன் எல்லாம் சிரிச்சான். அவ சிரிக்கல. அவ சிரிக்காததைப் பாத்து ஒருத்தன் நிறுத்தினான். அப்புறம் இன்னொருத்தன். கடைசியா வைரவன் சிரிப்பு மட்டும் தனியா கேட்டுது, பிறகு அதுவும் நின்னுட்டுது. ஒருத்தனும் என் முகத்தைப் பாக்கல தம்பி. இலையைப் பாக்கான், பாயாச டம்ளரைப் பாக்கான். முப்பத்திரெண்டு வருஷம் நான் சம்பாதிச்சது.

சரி, நீங்களும் அப்படிப் பாக்காதீங்க. சொல்லுதேன். வழுக்கி விழுந்தான்னு உங்ககிட்டச் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது. ஒரு தடவை நடந்தது அது. மண்டல அளவுல வாலிபால் ஃபைனல். ரெண்டு பாயிண்ட்ல தோத்தோம். அப்ப இருந்த எச்.எம். எல்லா வாத்தியார்களுக்கும் முன்னால வச்சு, நீயெல்லாம் எதுக்கு விசிலைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியுதேன்னு கேட்டாரு. அதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வாறேன். தண்ணி கேக்கேன். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை. இவ அடுக்களையில பம்ப் ஸ்டவ்வைப் பத்த வச்சுக்கிட்டு அதுக்கு எதுக்க உக்காந்திருக்கா, பிள்ளைக்குப் பால் காய்ச்ச. அந்த ஸ்டவ் போடுத இரைச்சல் உங்க வயசுக்குத் தெரியாது, லாரி நிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதெல்லாம் அப்பத் தோணல. “நீ என்ன செவிடா”ன்னு கேட்டு ஒண்ணு வச்சேன். அவ்வளவுதான். ஒரே ஒண்ணு. அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. பால் பொங்கி வழிஞ்சு ஸ்டவ் அணைஞ்சு போச்சு.

அதுக்கு முன்னாடி அடிச்சதில்லையான்னு கேக்கீங்க. அடிச்சிருக்கேன். அந்தக் காலத்துல எந்த வீட்டுல இல்ல. காதுல பட்டது அந்த ஒரு தடவைதான். ரெண்டு நாள் தலையணையில லேசா ரத்தக் கறை இருந்தது. எண்ணெய் காய்ச்சி ஊத்தினோம். வழுக்கி விழுந்தேன்னு அவதான் அவ அம்மாகிட்டச் சொன்னா. நான் சொல்லச் சொல்லல. அவளா சொன்னா. அவ சொன்னதைத்தான் நான் டாக்டர்கிட்டச் சொன்னேன். இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது. அனுசூயாவுக்கே தெரியாது. கடலைப்பருப்பை வச்சிருந்தா இன்னைக்கும் தெரிஞ்சிருக்காது. காதுல ஒண்ணும் இல்லாதவகிட்ட எவன் வந்து என்ன ஆச்சுன்னு கேப்பான். அதுக்குத்தான் சொல்லுதேன், வெளிய தெரியுற மிஷினை வாங்காதீங்கன்னு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். கத்தினேன். கத்தாம எவன் இருப்பான். “என் மானத்தை வாங்கிட்டியே, பதினஞ்சு பேருக்கு முன்னால வாங்கிட்டியே”ன்னு கத்துதேன். அவ கையை இப்படி லேசா காட்டினா. “கத்த வேண்டாம். பைய சொன்னாலே இப்பக் கேக்குது”ன்னா. சொல்லிட்டு ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதுக்க போட்டு உக்காந்தா. கையை மடியில வச்சுக்கிட்டா. “சொல்லுங்க”ன்னா.

என்னத்தச் சொல்லன்னு கேட்டேன்.

அவ சொன்னா, “முப்பத்தஞ்சு வருஷமா எனக்கு இந்தக் காது கேக்கல. நீங்க என்னைக்காவது ஒரு நாள் இந்தப் பக்கமா வந்து சொல்லியிருப்பீங்களோ, எனக்குத்தான் கேக்காம போச்சோன்னு நெனைச்சுக்கிடுவேன். இப்ப நல்லா கேக்குது. சொல்லுங்க.”

டேங்குக்குத் தண்ணி ஏத்தியாச்சான்னு கேட்டேன். ஏத்தியாச்சுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநாள் சாயங்காலம் காபி குடிச்ச பிறகு வந்து அதே மாதிரி உக்காந்தா. அதுக்கு மறுநாளும். ஒண்ணும் கேக்க மாட்டா, சண்டை போட மாட்டா, வந்து உக்காருவா. நான் பேப்பர்ல வந்ததைச் சொல்லுவேன். பென்ஷன் அலுவலகத்துல நடந்ததைச் சொல்லுவேன். கேட்டுக்கிட்டே இருப்பா. பேச்சு முடிஞ்சதும் கொஞ்ச நேரம் இருந்துட்டு எந்திரிச்சுப் போவா. பத்துப் பன்னெண்டு நாள் இது நடந்தது. ஒரு நாள் நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே, பாதியில, தலையில இருந்து பட்டையைக் கழத்தினா. மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சா. ஏன் கழத்துதேன்னு கையைக் காட்டிக் கேட்டேன். “சார்ஜ் வீணாகுது”ன்னா.

அன்னையில இருந்து அப்படித்தான். பால்காரி வந்தா பட்டையை மாட்டுதா. அனுசூயா போன் பண்ணினா மாட்டுதா. எதிர்த்த வீட்டு அம்மாகூட வாசல்ல உக்காந்து மணிக்கணக்காப் பேசுதா, சிரிக்கா. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. நான் வெளிய போயிட்டு வந்து கேட்டைத் திறந்தா, கையைத் தலைக்குக் கொண்டு போறா. நான் செருப்பைக் கழத்தி உள்ள வாறதுக்குள்ள அது பெட்டிக்குள்ள போயிருது. பழையபடி நான் கத்துதேன், பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாக்கான்.

அதுக்குத்தான் இன்னைக்கு மதுரைக்குப் போறேன். அந்த ஜெசிந்தாகிட்டக் கேக்கணும். அந்த மிஷின் சதா மாட்டியிருக்க வேண்டியதா, இல்ல இஷ்டத்துக்குக் கழத்துததான்னு. எலும்பு வழியா கேக்குறதுலயே வெளிய தெரியாததா ஏதாவது வந்திருந்தா மாத்திக் குடுக்கச் சொல்லணும்.

என்ன சொன்னீங்க. மன்னிப்பா.

நீங்களும் அதைத்தான் சொல்லுதீங்களா. அனுசூயாவும் அதைத்தான் போன்ல சொன்னா. அதுகிட்ட வடிவு எல்லாத்தையும் சொல்லிட்டாபோல. இப்ப என் போனை அது சரியா எடுக்கிறது கூட இல்ல.

சொல்லாம இல்ல தம்பி. சும்மா ஆளாளுக்குப் பேசக் கூடாது. போன வெள்ளிக்கிழமை காலையில சொன்னேன். அவ அடுக்களையில அந்தப் பக்கம் திரும்பி நின்னு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. பட்டை முன்ரூம்ல பெட்டிக்குள்ள இருந்தது. நான் வாசப்படியில நின்னு, பைய, அவளுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு பைய, ‘வடிவு, நான் அன்னைக்கு உன்னை அடிச்சது தப்புதான்’னு சொன்னேன். முழுசா சொன்னேன். ஒரு வார்த்தை விடல. அவ திரும்பல. தண்ணியை வடிச்சிட்டு மறுபடியும் ஊத்திக் களைஞ்சா.

நான் சொன்னது சொன்னதுதானே தம்பி. அவளுக்குக் கேக்கலன்னா அதுக்கு நானா பொறுப்பு.